பறக்கவிடுவதா, பாதுகாத்து வைப்பதா: போர்க்கால விமானம் ஒன்று கையில் கிடைத்தால்

1947 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத்தின் பி-29 குண்டுவீச்சு விமானம் ஒன்று வடதுருவப் பக்கம் பறந்துவிட்டுத் திரும்பும்போது திசை தவறிவிட்டது. எரிபொருள் தீரப்போகிற நேரத்தில், கிரீன்லாந்தின் வடக்கே உறைந்து கிடந்த ஒரு ஏரியின் மேல் வயிறு தேய இறக்கினார்கள். உள்ளே இருந்த 11 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ‘கீ பேர்ட்’ என்று பெயரிட்ட அந்த விமானம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. கடுங்குளிரும் வறண்ட காற்றும் அதற்கு நல்லதே செய்தன. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அது முழு விமானமாகவே நின்றது.

1990களில் ஒரு குழு அங்கே போய், புது என்ஜின்கள் பொருத்தி, பிரொப்பல்லர் மாட்டி, அதைப் பறக்கவைத்தே வெளியே கொண்டுவரலாம் என்று இறங்கியது. 1995 மே மாதம் எல்லாம் தயார். மேடுபள்ளமான பனியில் விமானம் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில், பின்பக்கம் இருந்த துணை மின் என்ஜினுக்கான எரிபொருள் குலுக்கலில் சிந்தித் தீப்பிடித்தது. ஆட்கள் தப்பித்தார்கள். ஐம்பது வருடம் பனி காத்துக்கொடுத்த விமானம் எரிந்துபோனது.

அதே கிரீன்லாந்தில் இன்னொரு கதையும் உண்டு. 1942 ஜூலையில் ஆறு பி-38 போர் விமானங்களும் இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்களும் மோசமான வானிலையில் சிக்கிப் பனிப்பரப்பில் இறங்கின. ஐம்பது வருடத்தில் அவற்றின் மேல் சுமார் 82 மீட்டர் பனி மூடிவிட்டது. 1992ல் வெந்நீரால் பனியை உருக்கிக் கிணறு போல இறங்கி, ஒரு பி-38ஐத் துண்டு துண்டாக மேலே கொண்டுவந்தார்கள். பத்து வருட வேலைக்குப் பிறகு 2002 அக்டோபரில் ‘கிளேசியர் கேர்ள்’ என்ற பெயரில் அது மறுபடி பறந்தது.

இரண்டு குழுவும் ஒரே ஆசையோடு போனவர்கள்தான். ஒன்றைப் பார்த்தால் ‘தொடாமல் விட்டிருக்கலாமே’ என்று தோன்றுகிறது, இன்னொன்றைப் பார்த்தால் ‘நல்லவேளை, யாரோ துணிந்தார்கள்’ என்று தோன்றுகிறது. ஒரு அறக்கட்டளையோ, ஒரு குடும்பமோ, ஒரு சேகரிப்பாளரோ இரண்டாம் உலகப் போர் விமானம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தால், இந்த இரண்டு எண்ணமும் அவர்களை மாறி மாறி இழுக்கும்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘விமானம் என்றால் பறக்கத்தானே வேண்டும்’ என்ற வாதமும், ‘பழையது எதையும் தொடக் கூடாது’ என்ற வாதமும் எனக்குப் போதவில்லை. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த விமானத்தில், போனால் மறுபடி செய்ய முடியாதது எது? அப்படி ஒன்று இருந்தால் அது அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால், பணமும் ஆளும் இருக்கும்வரை அது தாராளமாகப் பறக்கட்டும்.

பறக்கவைப்பது என்றால் என்ன செய்கிறார்கள்?

தூசி தட்டி, என்ஜினைச் சரிபார்த்து, பெட்ரோல் ஊற்றி ஓட்டுவது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கலாம். நடப்பது வேறு. முதலில் விமானத்தை முழுவதுமாகப் பிரிப்பார்கள். உடலின் மேல் போர்த்தியிருக்கும் அலுமினியத் தகடுகளை ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள் பிடித்திருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் துரப்பணத்தை வைத்துத் துளைத்து, மிச்சத்தைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். தகடு கழன்று வரும்போது உள்பக்கம் 1940களின் பச்சை அடிப்பூச்சு தெரியும். சில இடங்களில் தொழிற்சாலைப் பரிசோதகர் குத்திய முத்திரை இருக்கும், தொழிலாளி பென்சிலால் எழுதிய எண் இருக்கும். பக்கத்திலேயே, தகடும் சட்டமும் சேரும் இடத்தில், வெள்ளை மாவு போல அரிப்பு உதிரும். அலுமினியக் கலவை இரும்பைப் போலச் சிவப்பாகத் துருப்பிடிப்பதில்லை, இப்படித்தான் மாவாகிப் போகும். விரல் நகத்தால் கீறினாலே சில தகடுகள் அடுக்கடுக்காகப் பிரியும்.

அந்தத் தகட்டை மறுபடி மாட்டிப் பறக்க முடியாது. அதை அச்சாக வைத்துப் புதிதாக ஒன்று வெட்டுவார்கள். இறக்கையின் முதுகெலும்பு போன்ற ஸ்பார், எல்லாச் சுமையையும் தாங்குவது. அது பெரும்பாலும் புதிதாகத்தான் வரும். ரப்பர் குழாய், மின்கம்பி, எரிபொருள் தொட்டி, டயர் எதுவும் பழையதாக இருக்க முடியாது. கடைசியில் பறந்து போகும் விமானத்தில் பாதிக்கும் மேல் புது உலோகமாக இருப்பது சகஜம். பெயர்ப்பலகையும் சில பாகங்களும் மட்டுமே பழையவையாக இருக்கும் விமானங்கள்கூட உண்டு.

இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். 1940 மே மாதம் டன்கர்க் பின்வாங்கலின்போது பிரான்ஸ் கடற்கரை மணலில் இறங்கிய இரண்டு ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்கள் இன்று பறக்கும் நிலைக்கு வந்திருக்கின்றன. பி9374 என்ற எண்ணுள்ளது கலே கடற்கரையில் 1980ல் மணல் விலகி வெளியே தெரிந்தது, 2011ல் பறந்தது. என்3200 என்பது 1986ல் கிடைத்தது, 2014ல் பறந்தது. உப்புத் தண்ணீரில் நாற்பது வருடம் ஊறிய உலோகத்தை எந்தப் பொறியாளரும் பறக்கச் சம்மதிக்க மாட்டார். எடுத்தபோது இருந்தது உடைசல் குவியல். அந்தக் குவியலை அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தாலும் பார்க்க ஆள் வந்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பிட்ஃபயர் 20 ஆயிரத்துக்கும் மேல் தயாரான ரகம். வரைபடங்கள் இருக்கின்றன, அதன் மெர்லின் என்ஜினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பட்டறைகள் இருக்கின்றன, அருங்காட்சியகங்களில் பழைய ஸ்பிட்ஃபயர்கள் ஏற்கெனவே நிற்கின்றன. இந்த நிலையில் அந்த இரண்டைப் பறக்கவைத்ததால் நாம் இழந்தது குறைவு, பெற்றது அதிகம். பி9374 2015ல் ஏலத்தில் 31 லட்சம் பவுண்டுக்குப் போனது. என்3200ஐ அதே வருடம் டக்ஸ்ஃபோர்டில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கே நன்கொடையாகக் கொடுத்தார்கள். அருங்காட்சியகத்தின் சொத்தாக இருந்தபடி அது பறக்கிறது. இரண்டு பாதையும் ஒன்றையொன்று முறிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நின்றபடி பேசும் விமானங்கள்

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் ‘ஃப்ளாக் பெய்ட்’ என்ற பி-26 மரோடர் இருக்கிறது. ஐரோப்பியப் போர்முனையில் 200 முறைக்கும் மேல் பறந்து திரும்பிய குண்டுவீச்சு விமானம் அது. அதன் உடலில் விமான எதிர்ப்புப் பீரங்கித் துண்டுகள் போட்ட ஓட்டைகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சின்ன அலுமினியத் துண்டு வைத்து ரிவெட் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். மூக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டு வீதம் வரிசை வரிசையாக வரைந்திருக்கும். அவற்றுக்கு நடுவே, எதிரியின் கவனத்தைத் திருப்ப மட்டும் பறந்த நாட்களுக்காக வாத்துப் படங்கள்.

இந்த விமானத்தைப் பறக்கவைக்க வேண்டுமென்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டுப் போட்ட தகடுகள் எல்லாம் கழன்று போகும். மங்கிப்போன, உரிந்துகொண்டிருக்கும் அந்தப் பெயின்ட் சுரண்டப்பட்டு, பளிச்சென்று புதிது ஏறும். வாத்துகளைத் திரும்ப வரைந்துவிடலாம்தான். ஆனால் ஒரு மெக்கானிக் இரவு முழுக்க விழித்திருந்து, மறுநாள் காலை அதே விமானம் மறுபடி போக வேண்டும் என்ற அவசரத்தில் அடித்த ரிவெட்டை யாராலும் மறுபடி அடிக்க முடியாது. அங்கே உள்ள பாதுகாப்பாளர்கள் பழைய பெயின்டைக்கூட உதிராமல் நிலைநிறுத்தப் பாடுபடுவது அதனால்தான்.

லண்டனில் ராயல் விமானப் படை அருங்காட்சியகத்தில் நிற்கும் ஹாலிஃபேக்ஸ் குண்டுவீச்சு விமானம் டபிள்யூ1048ம் இப்படித்தான். 1942 ஏப்ரலில் ஜெர்மானியப் போர்க்கப்பல் டிர்பிட்ஸைத் தாக்கப் போய், அடிபட்டு, நார்வேயில் உறைந்த ஏரியின் மேல் இறங்கியது. பனி உருகியதும் மூழ்கியது. 1973ல் வெளியே எடுத்தார்கள். அதைப் பளபளப்பாக்காமல் பெரும்பாலும் எடுத்த நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். கிழிந்த தகடும் நெளிந்த சட்டமுமாக அது கிடப்பதைப் பார்த்தால், அந்த இரவில் அதற்குள் இருந்தவர்களின் நிலைமை விளக்கப் பலகை இல்லாமலே புரிந்துவிடும்.

பப்புவா நியூ கினியின் சதுப்பு நிலத்தில் 1942 பிப்ரவரியில் இறங்கி, 2006ல் வெளியே வந்த ‘ஸ்வாம்ப் கோஸ்ட்’ பி-17 இப்போது பேர்ல் ஹார்பர் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதையும் புதிதாக்கிவிடாமல் வைத்திருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் ‘அருங்காட்சியகம் என்றால் பத்திரம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. ‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற பி-17 போருக்குப் பின் மெம்ஃபிஸ் நகரத்துக்குக் கொடுக்கப்பட்டு, பல வருடம் திறந்தவெளியில் நின்றது. மழையும் வெயிலும் ஒரு பக்கம் தின்ன, நினைவுக்கு வேண்டும் என்று பாகங்களைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் இன்னொரு பக்கம். பிறகு அமெரிக்க விமானப் படையின் தேசிய அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டு, 2005 முதல் 13 வருடம் உழைத்து, 2018 மே 17 அன்று டேட்டனில் மக்கள் பார்வைக்கு வைத்தது. டொரொண்டோவில் லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றை ஏரிக்கரையில் தூணின் மேல் ஏற்றி 30 வருடத்துக்கும் மேல் வெளியில் விட்டிருந்தார்கள். இறக்கும்போது அதன் நிலை பரிதாபம். தீயும் உண்டு. 1978ல் சான் டியேகோ விமான அருங்காட்சியகமும், 1990ல் பாரிஸ் லெ பூர்ஜே அருங்காட்சியகத்தின் சேமிப்புக் கிடங்கும் எரிந்தன. அங்கே அழிந்தவை பறந்து அழிந்தவை அல்ல, சும்மா நின்றவை.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாது. ஓடாத என்ஜினைப் பற்றிய அறிவு ஆளோடு போய்விடும். ஒரு மெர்லினை எப்படி உயிர்ப்பிப்பது, குளிரில் எத்தனை முறை எரிபொருளை உள்ளே தள்ளுவது, எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் ஆபத்து என்பதெல்லாம் கையேட்டில் பாதிதான் இருக்கும். மீதி, பக்கத்தில் நின்று பழகியவர் காதில் இருக்கும். பறக்கும் விமானங்கள் இருப்பதால்தான் அந்தப் பட்டறைகள் உயிரோடு இருக்கின்றன, அந்தப் பட்டறைகள் இருப்பதால்தான் அருங்காட்சியகங்களுக்கும் தேவைப்படும்போது ஆள் கிடைக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு கதையே இதற்குச் சாட்சி. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை யாரும் பறக்கவைக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் அந்தக் குவியலிலிருந்து டஜன் கணக்கில் விமானங்களைத் தேற்றிப் பறக்கவைத்தார்கள். இந்திய விமானப் படை அவற்றை 1968 வரை ஓட்டியது. உலகம் முழுக்க 18 ஆயிரத்துக்கும் மேல் தயாரான ரகம் அதற்குள் அநேகமாகக் காயலான் கடைக்குப் போய்விட்டது. அதனால் லண்டனில் இன்று நிற்கும் லிபரேட்டர் இந்தியாவிலிருந்து போனதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் மிஞ்சியிருப்பவற்றில் சிலவும் அப்படியே. அன்றைக்கு யாரும் வரலாற்றைக் காப்பாற்றுவதாக நினைத்து அதைச் செய்யவில்லை. படைக்கு விமானம் தேவைப்பட்டது, பறக்கவைத்தார்கள். பறந்ததால்தான் மிஞ்சியது.

ஒரே ரகம், மூன்று விதி

தத்துவமாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட மாஸ்கிட்டோவை எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த மாஸ்கிட்டோ போர் விமானம் மரத்தால் ஆனது. பால்சா மரத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஒட்டுப்பலகையைப் பசை போட்டு அழுத்தி, அச்சில் இரண்டு பாதியாக வார்த்து, மீன் வயிறு போல ஒட்டிவிடுவார்கள். லேசானது, வேகமானது. ஆனால் பசையும் மரமும் காலத்தோடு சண்டை போட முடியாது. 1944ல் இந்தியாவில் பறந்துகொண்டிருந்த மாஸ்கிட்டோக்களில் சில நடுவானில் இறக்கை பிய்ந்து விழுந்து, மற்றவற்றைத் தரையில் நிறுத்திச் சோதிக்க வேண்டியதாயிற்று. புது விமானத்துக்கே அந்த நிலை என்றால், எண்பது வருட மரத்தின் மேல் இன்று யார் உயிரை வைப்பார்கள்?

இந்த ரகத்தின் முதல் விமானம், டபிள்யூ4050, 1940 நவம்பர் 25 அன்று பறந்தது. அதே விமானம் இன்றைக்கும் இருக்கிறது. லண்டனுக்கு வடக்கே, அது வடிவமைக்கப்பட்ட சாலிஸ்பரி ஹால் வளாகத்திலேயே உள்ள டி ஹாவிலண்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1940ல் அந்தத் தச்சர்கள் எந்தப் பலகையை எங்கே வைத்தார்கள், வடிவமைப்பாளர்கள் பிறகு எதை மாற்றினார்கள் என்று அதில் பார்க்கலாம். அது பறக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் குறுக்கே நின்று தடுப்பேன்.

இரண்டாவது, ஆர்ஆர்299. பிரிட்டனில் கண்காட்சிகளில் பல வருடம் பறந்தது. அப்போது உலகத்தில் பறந்த ஒரே மாஸ்கிட்டோ அதுதான். 1996 ஜூலை 21 அன்று மான்செஸ்டர் பக்கத்தில் பார்ட்டன் என்ற இடத்தில் கண்காட்சியின்போது இடது என்ஜின் சக்தி இழக்க, கட்டுப்பாடு போய் விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள்.

மூன்றாவது, கேஏ114. கனடாவில் தயாரானது, போரில் சண்டை பார்க்காதது. அதன் மிச்சத்தை எடுத்துக்கொண்டு நியூசிலாந்தில் அச்சுகளையே புதிதாகச் செய்து, புது மரத்தில், நவீனப் பசையில் உடலையும் இறக்கையையும் கட்டினார்கள். 2012 செப்டம்பரில் ஆர்ட்மோரில் பறந்தது. உலோகப் பாகங்கள் பழையவை, மரம் புதிது. அது இப்போது அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சில் ஒரு ராணுவ விமான அருங்காட்சியகத்தின் பறக்கும் சொத்து. அந்த அச்சுகள் கிடைத்த பிறகு வேறு மாஸ்கிட்டோக்களும் பறக்கும் நிலைக்கு வந்திருக்கின்றன.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு விடை தெளிவாகவே தெரிகிறது. மூலத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மூலத்திலிருந்து கற்றுக்கொண்டு, பறப்பதற்கென்று புது உடலைக் கட்டுவது. ஆர்ஆர்299ஐ நினைத்தால் மனம் கனக்கிறது. பறந்ததைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் இந்தத் துறைக்கு வந்தார்களோ. ஆனாலும் இரண்டு உயிரும் ஒரு அசல் விமானமும் ஒரே நொடியில் போயின. கேஏ114 மாதிரி ஒன்றுக்கு நாளை ஏதாவது ஆனாலும், விமானத்தைப் பொறுத்தவரை மறுபடி கட்ட அச்சு இருக்கிறது. உள்ளே இருப்பவர்களின் உயிர் அப்படியில்லை.

உயிர் பற்றி

இதைச் சுற்றி வளைக்காமல் பேச வேண்டும். 2019 அக்டோபர் 2 அன்று கனெடிகட்டில் ‘நைன் ஓ நைன்’ பி-17 காசு கொடுத்து ஏறிய பயணிகளோடு விழுந்தது, 7 பேர் இறந்தார்கள். விசாரணையில் விமானி செய்த தவறோடு போதுமான பராமரிப்பு இல்லாததும் காரணமாகச் சொல்லப்பட்டது. 2022 நவம்பர் 12 அன்று டாலஸில் கண்காட்சியின் நடுவில் பி-63 போர் விமானம் ஒன்று பி-17 மேல் மோதி 6 பேர் இறந்தார்கள். 2024 மே மாதம் பிரிட்டனின் போர் நினைவு விமானப் பிரிவில் ஒரு ஸ்பிட்ஃபயர் விழுந்து விமானி இறந்தார். அந்தப் பிரிவு 1957லிருந்து நடக்கிறது, விமானப் படையே நடத்துகிறது. அவ்வளவு கட்டுப்பாட்டோடு இருப்பவர்களுக்கும் இது நடக்கிறது.

இன்னொரு ஆபத்து உலோகச் சோர்வு, அதாவது மறுபடி மறுபடி சுமை ஏறி இறங்குவதால் உலோகம் விரிசல் விடுவது. 2023ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பி-17களின் இறக்கை ஸ்பார் இணைப்புகளைச் சோதித்த பிறகே பறக்கலாம் என்று உத்தரவு போட்டது. போர்க்காலத் தேவைக்காகச் செய்த இணைப்பு, எண்பது வருடம் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நம் தவறு. உலோகம் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது.

பயிற்சி பெற்ற விமானிகள், என்ன ஆபத்து என்று தெரிந்தே ஏறுவது ஒரு விஷயம். டிக்கெட் வாங்கிய குடும்பம் ஏறுவது வேறு. பயணிகளை ஏற்றி வரும் காசு இல்லாமல் இந்தப் பெரிய குண்டுவீச்சு விமானங்களைப் பராமரிக்க முடியாது என்கிறார்கள், அது கணக்குப்படி உண்மையாகவே இருக்கும். ஆனால் ஒரு விமானத்தைப் பறக்கவைக்கக் காசு வேண்டும், அந்தக் காசுக்காகவே அதில் பொதுமக்களை ஏற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், அதைத் தரையில் நிறுத்தும் நேரம் வந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அப்படியென்றால் எப்படி முடிவெடுப்பது?

எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதை முதலில் பார்ப்பேன். ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானமான டோர்னியர் 17 முழு விமானமாக ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. 2013 ஜூனில் இங்கிலாந்துக் கடலடியிலிருந்து தூக்கி, உப்பை நீக்கச் சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளித்துத் தெளித்துக் காப்பாற்றினார்கள். அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஸ்டூக்கா என்ற ஜெர்மானியக் குண்டுவீச்சு ரகத்தில் முழுதாக இருப்பவை சிகாகோவில் ஒன்றும் லண்டனில் ஒன்றும்தான். அவையும் நிற்கட்டும். பி-29 கிட்டத்தட்ட 4,000 செய்தார்கள், இன்று பறப்பவை ‘ஃபிஃபி’, ‘டாக்’ என்ற இரண்டு. ஆனால் அருங்காட்சியகங்களில் இருபதுக்கும் மேல் நிற்கின்றன. ஆகவே அந்த இரண்டும் பறப்பதில் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம், அந்தக் குறிப்பிட்ட விமானம் போரில் என்ன பார்த்தது என்பது. இது எண்ணிக்கையைவிட முக்கியம் என்று நினைக்கிறேன், ஆனால் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். உலகத்தில் இன்று பறக்கும் லங்காஸ்டர்கள் இரண்டு. பிரிட்டனில் பிஏ474, கனடாவின் ஹாமில்டனில் எஃப்எம்213. தயாரான 7,377 லங்காஸ்டர்களில் இன்னும் பறக்கும் இந்த இரண்டும் போரில் குண்டு போட்டவை அல்ல. போரின் கடைசியில் தயாராகி, சண்டைக்குப் போகாமல் பிழைத்தவை. 2014ல் கனடா விமானம் அட்லாண்டிக் தாண்டி வந்து இரண்டும் சேர்ந்து பறந்தபோது, எட்டு மெர்லின்களின் முழக்கத்தைக் கேட்கத் திரண்ட கூட்டத்தில் பழைய விமானப் படைவீரர்களும் இருந்தார்கள். அந்த முழக்கத்தை எந்த ஒலிபெருக்கியும் தராது. மறுபக்கம், 137 முறை தாக்குதலுக்குப் போய்த் திரும்பிய ஆர்5868 லண்டனில் நிற்கிறது, 90 முறை போய்வந்த ‘ஜி ஃபார் ஜார்ஜ்’ கான்பெராவில் நிற்கிறது. சாட்சி சொல்ல வேண்டியவை நிற்கின்றன, சத்தம் சொல்ல வேண்டியவை பறக்கின்றன. யாரும் திட்டம் போட்டு இப்படிப் பிரித்திருக்க மாட்டார்கள், ஆனால் பிரிந்த விதம் மிகச் சரி. பிஏ474க்கு 1990களில் புது ஸ்பார் போட்டபோது ஒரு போர்க்காயமும் அழியவில்லை, ஏனென்றால் அதில் காயமே இல்லை.

நம் விமானப் படையின் டகோட்டா போக்குவரத்து விமானம் விபி905ம் இந்த வகையில் வரும். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் சிப்பாய்களோடு முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் அது. 2018ல் பிரிட்டனில் பழுதுபார்த்துப் பறந்து வந்த விமானம் வேறு, எண் மட்டும் மரியாதைக்காகக் கொடுத்தது. இதை வெளிப்படையாகச் சொன்னால் அதன் மதிப்பு குறைவதில்லை. சொல்லாமல் விட்டால்தான் தப்பு.

உரிமையாளருக்குப் பின் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். மைக்ரோசாஃப்டை நிறுவியவர்களில் ஒருவரான பால் ஆலன் சேர்த்த பறக்கும் விமானச் சேகரிப்பு உலகத்திலேயே சிறந்தவற்றில் ஒன்று. ரஷ்யக் காட்டிலிருந்து எடுத்த ஜெர்மானியப் போர் விமானமான ஃபோக்கே-வுல்ஃப் 190ஐ அதன் அசல் பிஎம்டபிள்யூ என்ஜினோடு பறக்கவைத்த இடம் அது. அவர் 2018ல் இறந்தார், 2020ல் கதவை மூடினார்கள், 2022ல் வேறு கைக்குப் போனது. நல்ல கையாக அமைந்து மறுபடி திறந்தார்கள். எல்லாச் சேகரிப்புக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. பறக்கும் விமானம் ஒவ்வொரு வருடமும் பணம் கேட்கும். எழுதி வைக்காத ஆசையை வாரிசு நிறைவேற்ற வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

நடுவிலும் வழிகள் உண்டு. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் போர் விமானத்தின் அசல் என்ஜின்கள் போர்க்காலத்திலேயே சில பத்து மணி நேரம்தான் தாங்கும். அதனால் அசலை அருங்காட்சியகத்தில் விட்டுவிட்டு, நவீன என்ஜினோடு புதிதாகவே சில விமானங்களைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். நேர்மையான வழி. ‘பிளாக் 6’ என்ற மெஸ்ஸர்ஷ்மிட் 109 வேறு பாடம் சொல்கிறது. 1942ல் லிபியாவில் பிடிபட்ட அசல் போர் விமானம். பல வருட உழைப்பில் 1991ல் பறந்தது. பறக்கும் காலம் முடிந்து அருங்காட்சியகத்துக்குப் போகவிருந்த நேரத்தில், 1997 அக்டோபரில் டக்ஸ்ஃபோர்டில் அவசரமாகத் தரையிறங்கி வயலில் தலைகீழாகக் கவிழ்ந்தது. விமானி தப்பினார். விமானத்தைச் சரிசெய்து நிரந்தரமாக உள்ளே நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு நாள் முன்னால் நிறுத்தியிருக்கலாமே என்று இன்றும் தோன்றுகிறது.

முடிவு எதுவானாலும் முதல் ரிவெட்டைத் துளைப்பதற்கு முன் எடுக்க வேண்டும். நிறுத்தி வைத்த விமானத்தை இருபது வருடம் கழித்துப் பறக்கவைக்கலாம். பறக்கவைக்கப் பிரித்ததை மறுபடி அசலாக்க முடியாது. பிரிக்கத்தான் வேண்டும் என்று தீர்மானித்தால், ஒவ்வொரு தகட்டையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள், பென்சில் எழுத்து இருந்தால் தனியாகக் குறியுங்கள், கழற்றிய உலோகத்தைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் எண் போட்டு வையுங்கள்.

இங்கிலாந்தின் ஈஸ்ட் கிர்க்பியில் ‘ஜஸ்ட் ஜேன்’ என்ற லங்காஸ்டர் இருக்கிறது. பான்டன் சகோதரர்கள் வாங்கியது. அவர்களுடைய அண்ணன் 1944 மார்ச் கடைசியில் நியூரம்பெர்க் தாக்குதலுக்கு ஹாலிஃபேக்ஸில் போய்த் திரும்பவில்லை. அவர் நினைவாக, பழைய குண்டுவீச்சுத் தளம் ஒன்றின் மிச்சத்தில் இந்த விமானத்தை வைத்து, நான்கு என்ஜினையும் உயிர்ப்பித்துத் தரையில் ஓட்டிக் காட்டத் தொடங்கினார்கள். முதல் என்ஜின் இருமும், பிரொப்பல்லர் இரண்டு சுற்றுத் தயங்கும், வெளிக்குழாய்களிலிருந்து நீலப் புகை கக்கி, சட்டென்று பிடித்துக்கொள்ளும். தரை அதிரும். வானத்தில் ஏறாமலே இதைத் தர முடிகிறது. இப்போது அதைப் பறக்கவைக்கும் வேலையும் படிப்படியாக நடக்கிறது: கோடையில் ஓட்டிக் காட்டுவது, குளிர்காலத்தில் ஒரு பகுதியைப் பிரித்துப் புதுப்பிப்பது. 1945ல் தயாரான அந்த விமானமும் சண்டைக்குப் போனதில்லை. அதனால் அது பறக்கட்டும் என்றே நான் சொல்வேன், பயணிகள் இல்லாமல்.